பல்லி விட்டுட்டுப் போன தடம்

(எபிசோடின் எழுத்து வடிவம். பேச்சு நடையை அப்படியே விட்டிருக்கேன். திரும்பத் திரும்ப வந்த வாக்கியங்களை மட்டும் எடுத்துட்டேன்.)

போன மூணு எபிசோடா சர்வர், கேஷ், டேட்டாபேஸ்னு ஓட்டிட்டு இருந்தோம். இன்னிக்கு டாபிக் பல்லி. சீரியஸாதான் சொல்றேன். பல்லி, லேசர், அப்புறம் எங்க ஊரு செஞ்சிக் கோட்டை. மூணும் எங்கே சேருதுன்னு கடைசி வரைக்கும் கேட்டா புரியும்.

போன பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தேன். என் சித்தி பொண்ணு எம்.எஸ்சி. பிசிக்ஸ் முடிச்சுட்டு வீட்ல இருந்தா. நெட் பரீட்சை எழுதி பாஸ் பண்ணி, பி.எச்டி.க்கு அப்ளை பண்ணிட்டு இருந்தா. வீட்ல யாருக்கும் அதுல பெரிய இஷ்டம் இல்ல. சித்தப்பா என்கிட்ட, "நீயே சொல்லுப்பா அவளுக்கு. உன் கம்பெனில ஏதாவது பாரேன்"னார். நானும் பெரிய மனுஷன் மாதிரி, "பாப்பா, இப்பக்கூட லேட் இல்ல. ஆறு மாசம் கோர்ஸ் பண்ணு, டெஸ்டிங்ல உள்ள நுழைஞ்சுடலாம்"னேன். அவ பதிலே சொல்லல. "அண்ணா, நாளைக்கு ராஜகிரி ஏறலாமா?"ன்னு மட்டும் கேட்டா.

தெரியாதவங்களுக்காக: செஞ்சில மூணு குன்று. ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி. மூணையும் இணைச்சு மதில். 1690-கள்ல முகலாயப் படை இதைச் சுத்தி சுமார் எட்டு வருஷம் முற்றுகை போட்டுது. உள்ளே சிவாஜியோட மகன் ராஜாராம் இருந்தார். 1698-லதான் கோட்டை விழுந்துது. 2025 ஜூலைல யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியல்ல மராட்டியர் கோட்டைகள் 12-ஐச் சேர்த்தாங்க இல்லையா? அதுல 11 மகாராஷ்டிரால இருக்கு, மிச்சம் ஒன்னு எங்க ஊரு.

காலையிலேயே ஏற ஆரம்பிச்சோம். பாதி தூரத்துலேயே எனக்கு மூச்சு வாங்கிடுச்சு. ஓ.எம்.ஆர்.ல ஆறு வருஷம் நாற்காலில உக்கார்ந்த உடம்பு. ஒரு கல் மண்டபத்து நிழல்ல உக்கார்ந்தோம். கையில இருந்த பிஸ்கட் பாக்கெட்டைக் குரங்கு வந்து வாங்கிட்டுப் போயிடுச்சு. மேலே பார்த்தா, கருங்கல் விதானத்துல தலைகீழா ஒரு பல்லி.

அவ கேட்டா: "அண்ணா, அது ஏன் கீழே விழலை?"

நான், "காலுக்கடியில உறிஞ்சுற மாதிரி ஏதோ இருக்கும்"னேன். இல்லையாம். "பசையா?" இல்லையாம். "நீதான் சொல்லேன்"னேன். அங்கே ஆரம்பிச்சது, மலை இறங்கி வீட்டுக்கு வர்ற வரைக்கும் பேசினா. அன்னிக்கு அவ சொன்னதையும், அதுக்கப்புறம் நானா படிச்சுத் தெரிஞ்சுக்கிட்டதையும்தான் இன்னிக்குச் சொல்லப் போறேன்.

பிரச்சினை என்னன்னா

பல்லியோட கால்ல நுண்ணிய முடிகள் இருக்கு. டோக்கேன்னு ஒரு பெரிய வகைப் பல்லி, நம்ம வடகிழக்கு மாநிலங்கள்லயும் உண்டு. அதுல ஒரு பாதத்துக்கு சுமார் 5 லட்சம் முடி. ஒவ்வொரு முடியும் நுனில நூத்துக்கணக்கான கிளையாப் பிரியும். ஒவ்வொரு கிளையோட நுனியும் கரண்டி மாதிரி தட்டையா, 200 நானோமீட்டர் அகலத்துல இருக்கும். இவ்வளவு நுனிகள் சுவரை ஒட்டித் தொடும்போது, ரெண்டு பொருள் ரொம்பக் கிட்ட வந்தாலே உண்டாகுற வான் டெர் வால்ஸ் விசை போதும். தனியா அது அற்பமான விசை. கோடிக்கணக்குல சேர்ந்தா பல்லியைத் தாங்கும். 2000-லயும் 2002-லயும் கெல்லர் ஆட்டம் குழு இதை ஒத்தை முடிய வச்சு அளந்தே காட்டினாங்க.

சரி, கதை முடிஞ்சுதான்னா, இல்ல. பாதமும் சுவரும் தொடுற அந்த இடத்துல நிஜமா என்ன மூலக்கூறு இருக்கு? சிலர், காத்துல இருக்கிற ஈரம் அங்கே மெல்லிய தண்ணிப் படலமாப் படிஞ்சு, அதுவும் ஒட்டறதுக்கு உதவுதுன்னாங்க. அப்படி ஒரு படலம் இருக்கா இல்லையா?

எப்படிப் பார்ப்பீங்க? காலைத் தூக்கினா அந்த இடமே போயிடுது. தூக்காம இருந்தா, மேலே பல்லி, கீழே சுவர், நடுவுல ஒன்னு ரெண்டு மூலக்கூறு கனத்துல ஒரு அடுக்கு. மைக்ராஸ்கோப் உள்ளே போகாது. எலக்ட்ரானை அனுப்பிப் பார்க்கிற முறைகளுக்கு வெற்றிடம் வேணும், பல்லி செத்துடும். ஒளியை அனுப்பலாம். ஆனா ஒளி, வழியில இருக்கிற எல்லாத்துக்கிட்டயும் பேசிட்டு வரும்.

அது எவ்வளவு பெரிய சிக்கல்னு ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு டம்ளர் தண்ணி, 100 மில்லின்னு வைங்க. அதுல மேல் பரப்புல நிக்கிற மூலக்கூறு எத்தனை? உள்ளே இருக்கிறதோட ஒப்பிட்டா, பத்து கோடிக்கு ஒன்னு. தமிழ்நாட்டு ஜனம் மொத்தமும் ஒரே நேரத்துல கத்தும்போது ஒருத்தர் முணுமுணுக்கறதைக் கேக்கணும். நம்ம பாஷையில சொன்னா, பத்து கோடி லைன் லாக் ஃபைல்ல உங்களுக்கு வேண்டிய லைன் ஒன்னே ஒன்னு. அதுவும் பார்க்க மத்த லைன் மாதிரியே இருக்கு. எதை வச்சுத் தேடுவீங்க?

ராமன் எங்கே வர்றார்

மூலக்கூறை அடையாளம் கண்டுபிடிக்க ஒளியைப் பயன்படுத்துறதுங்கறது நம்ம ஆளுங்க வேலைதான். திருச்சில பிறந்த சி.வி. ராமன், வத்திராயிருப்புக்காரர் கே.எஸ். கிருஷ்ணன், ரெண்டு பேரும் 1928-ல கல்கத்தால கண்டுபிடிச்சது. ஒளி ஒரு திரவத்துல பட்டுச் சிதறும்போது, கொஞ்சம் ஒளி நிறம் மாறி வெளியே வருது. ஏன்னா, மூலக்கூறுல அணுக்களை இணைக்கிற பிணைப்புகள் ஸ்பிரிங் மாதிரி அதிர்ந்துக்கிட்டே இருக்கு. அந்த அதிர்வு எவ்வளவு சக்தியை எடுத்துக்குதோ, அந்த அளவுக்கு நிறம் தள்ளிப் போகும். அகச்சிவப்பு ஒளியை உள்ளே அனுப்பி, எந்த அதிர்வெண்ணை விழுங்குதுன்னு பார்க்கிறது இன்னொரு வழி.

ரெண்டும் மூலக்கூறோட கைரேகை மாதிரி. கார்பன்-ஹைட்ரஜன் பிணைப்பு ஒரு இடத்துல வரும், ஆக்சிஜன்-ஹைட்ரஜன் வேற இடத்துல வரும். ஆனா ரெண்டுக்கும் ஒரே பிரச்சினை. உள்ளே இருக்கிறவங்க எல்லாரும் பேசுவாங்க. பரப்புல இருக்கிறவங்க குரல் அதுல மூழ்கிப் போயிடும்.

நமக்கு வேண்டியது, உள்ளே இருக்கிறவங்க வாயே திறக்காம, ஓரத்துல இருக்கிறவங்க மட்டும் பேசற ஒரு முறை. அப்படி ஒன்னு இயற்கையிலேயே இருக்கு. நான் அசந்து போனது இங்கேதான்.

கோயில் திருவிழா ஸ்பீக்கர்

ஆடி மாசம் கூழ் ஊத்துறப்போ எங்க தெரு முனையில புனல் ஸ்பீக்கர் கட்டுவாங்க. வால்யூம் கம்மியா இருக்கும்போது பாட்டு தெளிவாக் கேக்கும். உள்ளே என்ன போகுதோ அதுதான் வெளியே வரும். முழுசாத் திருப்பினா கரகரன்னு ஆகும். அந்தக் கரகரப்புல, பாட்டுல இல்லாத புதுச் சுரங்கள் இருக்கும். 100 ஹெர்ட்ஸ் சுரமும் 150 ஹெர்ட்ஸ் சுரமும் சேர்ந்து உள்ளே போனா, 250-ல ஒன்னு புதுசா வெளியே வரலாம். ரெண்டையும் கூட்டின அதிர்வெண்.

ஒளிக்கும் இதேதான். சாதாரண வெளிச்சத்துல மூலக்கூறோட எலக்ட்ரான்கள் சமர்த்தா ஆடும். லேசரை வச்சு ரொம்பப் பலமா அடிச்சா, திணறிப் போய் புது அதிர்வெண்கள்ல ஒளியை வெளிவிடும். இதைத்தான் நேரிலா ஒளியியல்னு சொல்றாங்க.

1960-ல மைமன் முதல் லேசரைச் செஞ்சார். அடுத்த வருஷமே மிச்சிகன் பல்கலைக்கழகத்துல பீட்டர் ஃபிராங்கன் குழு, ரூபி லேசரோட 694 நானோமீட்டர் சிவப்பு ஒளியைக் குவார்ட்ஸ் படிகத்துல விட்டாங்க. அதுல சரியா பாதி அலைநீளம், 347 நானோமீட்டர்ல, கண்ணுக்குத் தெரியாத புற ஊதா ஒளி வந்துது. அதிர்வெண் டபுள் ஆகிடுச்சு. ஃபோட்டோ தகடுல ஒரு சின்னப் புள்ளியா விழுந்த அந்த ஆதாரத்தை அம்புக்குறி போட்டு இதழுக்கு அனுப்பினாங்க. அச்சாகி வந்தப்போ அம்பு இருக்கு, புள்ளி இல்ல. ஏதோ அழுக்குன்னு நினைச்சு அழிச்சுட்டாங்கன்னு இன்னிக்கும் சொல்லிச் சிரிக்கிறாங்க. கஷ்டப்பட்டுக் கண்டுபிடிச்ச பக்கை, டீம்ல ஒருத்தர் "இது நாய்ஸ்"னு சொல்லி க்ளோஸ் பண்ற மாதிரி.

இந்தத் துறைக்கு அடித்தளம் போட்டவர்கள்ல முக்கியமானவர் நிக்கோலஸ் புளூம்பெர்கன். 1981-ல நோபல் வாங்கினார். அவர்கிட்ட ஹார்வர்ட்ல படிச்ச மாணவர் ஒருத்தர், ஷாங்காய்ல பிறந்த ஒய்.ஆர். ஷென். பெர்க்லிக்குப் போய் இந்தக் கரகரப்பைப் பரப்பு பக்கம் திருப்பினது அவர்தான்.

மைனஸ் ரெண்டோட ஸ்கொயர்

இப்போ முக்கியமான இடம். பேப்பர் பேனா வேண்டாம், மனசுலேயே போடலாம்.

ரெண்டு அதிர்வெண் கூடி மூணாவது வரணும்னா, மூலக்கூறு கொடுக்கிற பதில்ல ஒளிப் புலத்தோட ஸ்கொயர் இருக்கணும். அது எல்லா இடத்துலயும் நடக்காது. ஒரு டம்ளர் தண்ணிக்கு உள்ளே போங்க. சராசரியாப் பார்த்தா அங்கே மேல், கீழ், இடம், வலம் எல்லாம் ஒன்னுதான். எல்லாத்தையும் தலைகீழாத் திருப்பிப் போட்டாலும் அதே தண்ணிதான். அப்போ உள்ளே அனுப்பற புலத்தைத் திருப்பினா, வெளியே வர்ற பதிலும் திரும்பணும். பிளஸ் நாலு வந்த இடத்துல மைனஸ் நாலு வரணும்.

ஆனா ஸ்கொயர்ல மைனஸ் காணாமப் போயிடுமே? ரெண்டோட ஸ்கொயரும் நாலு, மைனஸ் ரெண்டோட ஸ்கொயரும் நாலு. அதாவது அந்தப் பதில் மாறவும் கூடாது, தலைகீழாகவும் ஆகணும். பிளஸ்ஸாவும் மைனஸாவும் ஒரே நேரத்துல இருக்கக்கூடிய எண் ஒன்னுதான். பூஜ்யம்.

அவ்வளவுதான். தண்ணி, எண்ணெய், கண்ணாடி, பெரும்பாலான உலோகம், இதுக்கெல்லாம் உள்ளேருந்து இந்தக் கூட்டு ஒளி வராது. கோடிக்கணக்குல மூலக்கூறு இருந்தாலும் ஒருத்தர் கொடுத்ததை இன்னொருத்தர் கழிச்சுடுவாங்க. குவார்ட்ஸ் மாதிரி, அணு அடுக்குலேயே அந்தச் சமச்சீர் இல்லாத படிகங்கள்தான் விதிவிலக்கு. அதனாலதான் ஃபிராங்கன் குவார்ட்ஸை எடுத்தார்.

பரப்புல? மேலே காத்து, கீழே தண்ணி. மேலும் கீழும் ஒன்னு இல்ல. சமச்சீர் உடைஞ்சாச்சு. அங்கே பதில் பூஜ்யம் ஆக வேண்டிய கட்டாயம் இல்ல.

நான் இதைக் கேட்டுட்டு, "புரியுது, ஆனா மனசுல ஒட்டலை"ன்னேன். அவ மதிலைக் காட்டினா. "முற்றுகை நேரத்துல கோட்டைக்குள்ள இருக்கற கூட்டத்தை நினைச்சுக்கோ. ஒருத்தன் கிழக்கே பார்ப்பான், ஒருத்தன் மேற்கே. குதிரைக்காரன், நெல்லு அளக்கறவன், சமையக்காரன், ஆளுக்கு ஒரு பக்கம். சராசரி எடுத்தா எந்தத் திசையும் இல்ல. மதில் மேல நிக்கற காவலாளி மட்டும் எல்லாரும் வெளியே பார்த்துட்டு நிப்பான். 'வெளியே பார்க்கறவன் கை தூக்கு'ன்னா, யார் யார் மதில் மேல இருக்கான்னு தெரிஞ்சுடும்."

எட்டு வருஷம் வெளியே கூடாரம் போட்டவனுக்குத் தெரிஞ்சதும் அந்த மதில்தான். ஒரு பொருள் உலகத்தோட பேசறது அதோட மேல் அடுக்கு வழியாத்தான். துருப் பிடிக்கிறது அங்கே, பசை ஒட்டறது அங்கே, சோப்பு அழுக்கைப் பிடிக்கிறது அங்கே, நம்ம நுரையீரல்ல ஆக்சிஜன் உள்ளே நுழையறதும் அங்கேதான்.

ரெண்டு லேசர், ஒரு புள்ளி

செய்முறை இப்படி. ஒரு லேசர் கண்ணுக்குத் தெரியற நிறம், பச்சைன்னு வைங்க, 532 நானோமீட்டர். இன்னொன்னு அகச்சிவப்பு. இதோட அதிர்வெண்ணை ரேடியோவுல ஸ்டேஷன் திருப்பற மாதிரி மாத்திக்கிட்டே போகலாம். ரெண்டையும் பரப்புல ஒரே புள்ளில, ஒரே நேரத்துல விழ வைக்கணும். ஒரே நேரம்னா, ஒவ்வொரு துடிப்பும் பிகோ விநாடி கணக்கு. ஒரு விநாடில லட்சம் கோடில ஒரு பங்கு. மில்லி விநாடி லேட்டன்சிக்கு மண்டையை உடைச்சுக்கிற நமக்கு இது ரொம்பவே ஓவர்.

அகச்சிவப்பு 3.4 மைக்ரான்ல இருந்தா, ரெண்டும் கூடி சுமார் 460 நானோமீட்டர்ல நீல ஒளி வரும். உள்ளே போனது பச்சையும், கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பும். வெளியே புதுசா நீலம். அதுவும் நாலா பக்கமும் சிதறாது, கணக்குப் போட்டுச் சொல்லக்கூடிய ஒரே திசையில போகும். பச்சையை ஃபில்டர் போட்டுத் தடுத்துட்டு நீலத்தை மட்டும் எண்ணலாம். வர்றது ரொம்பக் கொஞ்சம் ஃபோட்டான்தான். ஆனா வந்தது பரப்புலேருந்துதான் வந்தது.

அகச்சிவப்பைத் திருப்பிக்கிட்டே போகும்போது, பரப்புல இருக்கிற ஏதாவது ஒரு பிணைப்போட இயல்பான அதிர்வுக்குப் பொருந்திச்சுன்னா, நீல ஒளி சட்டுனு கூடும். அங்கே எந்த மூலக்கூறு இருக்குன்னு கைரேகை கிடைச்சாச்சு. ஒளியோட அதிர்வுத் திசையை மாத்தி மாத்தி அளந்தா, அந்த மூலக்கூறு நிமிர்ந்து நிக்குதா, சாய்ஞ்சு படுத்திருக்கான்னுகூடச் சொல்லலாம். ஒரு நிபந்தனை: அந்த அதிர்வு அகச்சிவப்புக்கும் பதில் சொல்லணும், ராமன் முறைக்கும் பதில் சொல்லணும். ரெண்டும் சேர்ந்தாத்தான் இதுல தெரியும். ராமனும் கிருஷ்ணனும் இப்படித்தான் இந்தக் கதைக்குள்ள திரும்ப வர்றாங்க.

இதுக்குப் பேர் கூட்டு அதிர்வெண் நிறமாலையியல். எஸ்.எஃப்.ஜி.ன்னு சொல்வாங்க. 1987-ல ஷென் குழு முதல் அதிர்வு நிறமாலையை எடுத்தாங்க. 1993-ல வெறும் தண்ணிப் பரப்பையே பார்த்தாங்க. நிறமாலையில 3,700-ன்ற அலை எண் பக்கத்துல கூரா ஒரு உச்சம் இருந்துது. தண்ணிக்கு உள்ளே ஒவ்வொரு ஹைட்ரஜனும் பக்கத்து மூலக்கூறோட கை கோத்துட்டு நிக்கும். பரப்புல சில மூலக்கூறுக்கு மட்டும் ஒரு கை பிடிக்க ஆள் இல்லாம, காத்துப் பக்கம் நீட்டிக்கிட்டு இருக்கு. அந்தக் காலிக் கையோட அதிர்வுதான் அந்த உச்சம். மேல் அடுக்குல 20 சதவீதத்துக்கு மேல இப்படி நிக்குதுன்னு கணக்குப் போட்டாங்க. நம்ம குடிக்கிற தண்ணியோட மேல்தோல் எப்படி இருக்குன்னு மனுஷனுக்குத் தெரிஞ்சு முப்பது வருஷம் சொச்சம்தான் ஆகுது.

பல்லிக்கு வருவோம்

அமெரிக்காவுல ஒஹாயோ மாநிலத்துல ஏக்ரன் பல்கலைக்கழகம். அங்கே பாலிமர் அறிவியல் பேராசிரியர் அலி தினோஜ்வாலா. நம்ம மும்பை ஐ.ஐ.டி.ல படிச்சவர். பரப்புகளும் ஒட்டுதலும்தான் அவர் வேலை. அதே ஊர்ல பல்லிகளை ஆராயற உயிரியல் பேராசிரியர் பீட்டர் நீவியரோவ்ஸ்கி. இந்தக் கூட்டணி எடுத்தது டோக்கே பல்லி.

பல்லியோட விரலை ஒரு சஃபையர் பட்டகத்து மேல அழுத்தி வச்சாங்க. சஃபையர் வழியா ஒளி போகும். அதனால லேசர் ரெண்டையும் பின்பக்கம் இருந்து அனுப்பி, பாதமும் சஃபையரும் தொடுற அந்தப் புதைஞ்ச இடத்துலேருந்தே நிறமாலை எடுத்தாங்க. காலைத் தூக்கவும் வேண்டாம், வெற்றிடமும் வேண்டாம்.

2012-ல வந்த கட்டுரை அது. ரெண்டு விஷயம் தெரிஞ்சுது. முதல் விஷயம்: தொடுற இடத்துல தண்ணியோட கைரேகை சுத்தமா இல்ல. இருந்ததெல்லாம் தண்ணியை விரட்டற, கார்பன்-ஹைட்ரஜன் தொகுதிகள். ரெண்டாவது, யாரும் எதிர்பார்க்காதது: பல்லி நடந்து போன இடத்துல அது தடம் விட்டுட்டுப் போகுது. அந்தத் தடத்தைத் தனியா நிறை நிறமாலை எடுத்துப் பார்த்தா, பாஸ்போலிப்பிடுங்கற ஒரு வகைக் கொழுப்பு. பசை இல்லாம ஒட்டற பிராணின்னு உலகமே சொல்லிட்டு இருந்துது. பசை இல்லைன்றது சரிதான். ஆனா கொழுப்புப் படலம் இருக்கு. அதுவரைக்கும் போட்ட எந்தக் கணக்குலயும் அது கிடையாது.

2022-ல இன்னொரு குழு, சின்க்ரோட்ரான் எக்ஸ் கதிர் வச்சுப் பார்த்து, அந்தக் கொழுப்பு முடிகள் மேல ஒரு நானோமீட்டர் அளவு மெல்லிசா, மூலக்கூறுகள் வரிசையா நிமிர்ந்து நிக்கிற படலமா இருக்குன்னு சொன்னாங்க. இந்தக் கொழுப்பு ஒட்டறதுக்கு உதவுதா, கால் சுலபமா விடுபட உதவுதா, ஈரத்தை ஒதுக்குதா? அந்த விவாதம் இன்னும் ஓடுது.

இதனால யாருக்கு என்ன பிரயோஜனம்னு சித்தப்பா கேட்டார். நியாயமான கேள்விதான். பல்லியைப் பார்த்து, பசை இல்லாத ஒட்டு நாடாக்கள் செய்றாங்க. அந்த டிசைனுக்கு உண்மையான இண்டர்ஃபேஸ் என்னன்னு தெரியணும். இதே லேசர் முறையில பிளாட்டினம் மேல கார்பன் மோனாக்சைடு எப்படி உக்காருதுன்னு நிஜமான வாயு அழுத்தத்துலயே பார்த்திருக்காங்க. அது வினையூக்கிகளுக்கு வேணும். பேட்டரியோட மின்முனை மேல படியற அடுக்கையும் பார்க்கிறாங்க. நம்ம நாட்டுலயே மும்பை பாபா அணு ஆராய்ச்சி மையத்துல தண்ணிப் பரப்பை இந்த வழியில ஆராயற குழு இருக்கு.

2017-ல வைகை அணையில தண்ணி ஆவியாகாம இருக்க தெர்மாகோல் விட்டது ஞாபகம் இருக்கா? நாம எல்லாரும் மீம் போட்டோம். நானும் போட்டேன். ஆனா தண்ணிப் பரப்பை மூடி ஆவியாதலைக் குறைக்கணும்ங்கற கேள்வி முட்டாள்தனமான கேள்வி இல்ல. 1950-கள்ல ஆஸ்திரேலியாவுல, ஒரே ஒரு மூலக்கூறு கனத்துக்குப் பரவற சீட்டைல் ஆல்கஹாலை நீர்நிலைகள்ல விட்டே பார்த்திருக்காங்க. காத்து அடிச்சா அதுவும் ஒதுங்கிப் போச்சு. அந்த மாதிரி ஒத்தை அடுக்கு எப்படி நிக்குது, எப்போ கலையுதுன்னு பார்க்கிற கருவிகள்ல ஒன்னுதான் நாம பேசிட்டு இருக்கிற இந்த லேசர். கிண்டல் பண்ண ஒரு நிமிஷம் போதும். மேல் அடுக்குல என்ன நடக்குதுன்னு தெரிஞ்சுக்க ஒருத்தர் அஞ்சு வருஷம் இருட்டு ரூம்ல உக்காரணும்.

அஞ்சு வருஷம்

அந்த அஞ்சு வருஷம்தான் எங்க வீட்டுப் பிரச்சினை. அவளுக்கு அப்போ 23 வயசு. "முடிக்கும்போது 28, 29 ஆகிடும்மா"ன்னு சித்தி. அதுக்கு மேல சித்தி சொல்ல வந்ததை நீங்களே நிரப்பிக்கோங்க, எல்லா வீட்லயும் இருக்கிறதுதான்.

நான் மட்டும் யோக்கியமா? இல்ல. நான் இன்ஜினியரிங் எடுத்தது பிடிச்சு இல்ல. பக்கத்து வீட்டு அண்ணன் எடுத்தாங்க, எடுத்தேன். முதல் வருஷம் பிசிக்ஸ் லேப்ல லேசர் பரிசோதனை ஒன்னு இருந்துது. ரெக்கார்டுல பழைய பேட்ச் ரீடிங்கை அப்படியே காப்பி அடிச்சேன். அந்த லேசரை நான் ஆன் பண்ணிப் பார்த்ததே இல்ல. அப்படிப்பட்ட நான்தான், லேசர் முன்னாடி உக்காரணும்னு ஆசைப்படற பொண்ணுக்கு "டெஸ்டிங்ல உள்ள நுழைஞ்சுடலாம்"னு அட்வைஸ் பண்ணேன். அதுவும் எங்க டீம்லேயே ரெண்டு பேருக்கு வேலை போன அதே மாசத்துல. "சேஃப்"னு நான் சொன்ன வார்த்தையை நானே நம்பலை.

மலையிலேருந்து இறங்கும்போது அவகிட்ட கேட்டேன். "இதெல்லாம் தெரிஞ்சு உனக்கு என்ன ஆகப் போகுது?" அவ சொன்னது: "அண்ணா, சின்ன வயசுல பல்லி சத்தம் போட்டா பாட்டி தரையைத் தட்டுவாங்க. தலையில விழுந்தா கலகம்னு பஞ்சாங்கத்துல பார்ப்பாங்க. காஞ்சிபுரம் கூட்டிட்டுப் போய் தங்கப் பல்லியைத் தொட வச்சாங்க. பல்லி விழுந்தா என்ன பலன்னு எல்லாரும் சொன்னாங்க. அது ஏன் விழலைன்னு யாருமே சொல்லலை. எனக்கு அது தெரியணும்."

நான் எதுவும் பேசலை. கீழே வந்து இளநி வாங்கிக் குடிச்சோம்.

அன்னிக்கு ராத்திரி சித்தப்பாகிட்ட உக்கார்ந்து பேசினேன். சமச்சீர், பூஜ்யம் எல்லாம் சொல்லலை. அவருக்குப் புரியற கணக்கைச் சொன்னேன். நெட்ல ஜே.ஆர்.எஃப். வாங்கினவங்களுக்கு மாசம் 37,000 ரூபாய் உதவித்தொகை. "நான் வேலைக்குச் சேர்ந்தப்போ கைக்கு வந்தது அதைவிடக் கம்மி சித்தப்பா"ன்னேன். அவர் ரொம்ப நேரம் ஃபேனையே பார்த்துட்டு இருந்தார். "இதை ஏன் இத்தனை நாளா யாரும் சொல்லலை?"ன்னார். நான்தான் சொல்லியிருக்கணும். எனக்கும் அன்னிக்கு மத்தியானம்தான் தெரியும், அவகிட்ட கேட்டு. அதுக்கு முன்னாடி நான் கேக்கவே இல்ல.

அவ இப்போ பி.எச்டி. சேர்ந்துட்டா. எந்த ஊரு, எந்த லேப்னு சொல்லக் கூடாதுன்னு கண்டிஷன். அங்கே அவ வேலை பல்லி இல்ல, வேற ஒரு பரப்பு. போன வாரம் போன் பண்ணா. மூணு மாசமா ரெண்டு லேசரையும் ஒரே புள்ளில, ஒரே நேரத்துல சேர்க்கவே முடியலையாம். ஒரு கண்ணாடி முடி அளவு நகர்ந்தாலும் போச்சாம். அழுகுரல்லதான் பேசினா. டெஸ்டிங் கோர்ஸ் பத்தி நான் வாயே திறக்கலை. "சாப்பிட்டியா?"ன்னு மட்டும் கேட்டேன்.

நேத்து ராத்திரி பதினொன்னே முக்காலுக்கு ஒரு மெசேஜ். ஸ்கிரீன்ஷாட் ஒன்னு. கரடுமுரடா ஒரு கோடு, நடுவுல சின்னதா ஒரு மேடு. கீழே எழுதியிருந்தா: "அண்ணா, இது அழுக்கு இல்ல."

அதான் இன்னிக்கு இந்த எபிசோட்.

உங்க வீட்லயும் இப்படி ஒரு தங்கச்சியோ தம்பியோ இருந்தா, அட்வைஸ் பண்றதுக்கு முன்னாடி ஒரு தடவை அவங்க என்ன படிக்கிறாங்கன்னு கேளுங்க. புரியலைன்னா பரவாயில்ல, திரும்பக் கேளுங்க. நான் மூணு தடவை கேட்டுத்தான் அந்தப் பூஜ்யத்தைப் புரிஞ்சுக்கிட்டேன். செஞ்சி வந்தீங்கன்னா காலையிலேயே ராஜகிரி ஏறுங்க, தண்ணி எடுத்துக்கோங்க, பிஸ்கட்டைப் பைக்குள்ள வைங்க. அடுத்த எபிசோட்ல திரும்ப சர்வர் பக்கம் போயிடலாம். வரட்டா?